நம் பெயர்கள் யார் கையில்?

(வேங்கிக்காலில் நடைபெற்ற தன்னார்வலர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலைக்குக் கோயிலுக்காக வருகிறவர்கள் நகருக்குள் போய்விடுகிறார்கள். வேங்கிக்காலுக்கு வருகிறவர்கள் கையில் மனு இருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாள். செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நம் மக்கள் வருகிறார்கள். வெளியே மனு எழுதித் தருபவரிடம் காசு கொடுத்து எழுதி, வாசலில் காவலர்களுக்குப் பையைத் திறந்து காட்டிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். பையில் அவர்கள் தேடுவது மண்ணெண்ணெய். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாமல் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு, இந்தச் சோதனை எல்லா மாவட்டங்களிலும் வழக்கமாகிவிட்டது.

மனு உள்ளே போனதும் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. அலுவலகக் கணினியில் ஏறுகிறது. நம் கையில் ஒரு சீட்டு வருகிறது. அந்தச் சீட்டு ரேஷன் அட்டைக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ போய்விடுகிறது.

இப்போது ஒரு கேள்வி. கடந்த 5 ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் சுடுகாட்டுப் பாதைக்காக எத்தனை மனுக்கள் கொடுக்கப்பட்டன? எத்தனைக்குப் பதில் வந்தது? ஒரே ஊர் எத்தனை முறை கொடுத்தது? அலுவலகம் நினைத்தால் தன் கணினியிலிருந்து இதை எடுத்துவிட முடியும். மனு கொடுத்தவர்கள் நாம். ஆனால் நம்மிடம் இதற்கான கணக்கு இல்லை. நம் போராட்டத்தின் நினைவு எதிர்த்தரப்பின் அலமாரியில் இருக்கிறது. இந்த நிலையை மாற்றத்தான் நாம் மென்பொருள் எழுதக் கூடியிருக்கிறோம்.

"இயக்கத்துக்கு எதற்கு மென்பொருள், வாட்ஸ்அப் போதாதா?" என்று மூத்த தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு நம் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லலாம். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920-ல் 'மூக்நாயக்' தொடங்கினார். பெரியார் 1925-ல் 'குடி அரசு' தொடங்கினார். அன்றைக்குப் பத்திரிகைகளுக்கா பஞ்சம்? பத்திரிகைகள் நிறையவே இருந்தன. அவற்றில் எதை அச்சிடுவது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் இடத்தில் நம்மவர்கள் இல்லை. அதனால்தான் காசில்லாத காலத்திலும் கடன்பட்டு, கைப்பொருளை விற்று, சொந்தமாக இதழ் நடத்தினார்கள். அன்றைக்கு அச்சகம் எதுவோ, இன்றைக்கு அது மென்பொருள். வாட்ஸ்அப் குழுவில் செய்தி சொல்லலாம். ஆனால் ஓர் இயக்கத்தின் உறுப்பினர் பட்டியலையும், வழக்குக் கணக்கையும், மனுக் கணக்கையும் அடுத்தவன் இயந்திரத்தில் வைத்துவிட்டு நாம் சுயமரியாதை பேச முடியாது.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த கொள்கைதான் இது. ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், அதன் மூல நிரலைத் திறந்து படித்து மாற்றலாம், படியெடுத்து மற்றவர்க்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால் அது கட்டற்றது. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்றது ஆகாது. வாட்ஸ்அப்பும் இலவசம்தான். அதன் நிரலை நீங்கள் திறந்து பார்க்க முடியுமா?

இந்த நான்கு உரிமைகளும் அரசியலில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை.

2003-ல் ஹோவர்டு டீன் என்பவர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றார். ஈராக் போரை எதிர்த்ததால் இளைஞர்கள் அவர் பின்னால் திரண்டார்கள். அவர்களில் நிரலெழுதத் தெரிந்த தன்னார்வலர்கள் சிலர் ட்ரூப்பல் என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்து, ஒவ்வோர் ஊர்க் குழுவும் தன் இணையதளத்தைத் தானே நடத்திக்கொள்ளும்படி மாற்றினார்கள். அதற்கு டீன்ஸ்பேஸ் என்று பெயர். 2004 தொடக்கத்தில் டீன் தோற்றுப்போனார். வேட்பாளர் போனார், நிரல் போகவில்லை. அது சிவிக்ஸ்பேஸ் என்று வளர்ந்தது. அதையொட்டி 2005-ல் சிவிசிஆர்எம் என்ற மென்பொருள் வந்தது. உறுப்பினர், நன்கொடை, நிகழ்ச்சி ஆகிய கணக்குகளை நிர்வகிக்கும் அந்த மென்பொருளை இன்றும் உலகெங்கும் சிறு அமைப்புகள் பயன்படுத்துகின்றன. ஒரு தேர்தலுக்காகப் போட்ட உழைப்பு 20 ஆண்டுகளுக்குப் பிறகும் யாருக்கோ உதவுகிறது.

இரண்டாவது நிகழ்வு 2015 டிசம்பரில் நடந்தது. பெர்னி சாண்டர்சின் பரப்புரைக் குழுவும் ஹிலாரி கிளிண்டனின் பரப்புரைக் குழுவும் ஒரே தனியார் நிறுவனத்தின் மென்பொருளில்தான் வாக்காளர் தகவல்களை வைத்திருந்தன. மென்பொருளில் ஏற்பட்ட ஒரு கோளாறால் ஒருவர் தகவலை மற்றவர் பார்க்க வழி திறந்தது. சாண்டர்ஸ் குழுவினர் சிலர் பார்த்துவிட்டார்கள். அது தவறுதான். ஆனால் கட்சித் தலைமை என்ன செய்தது? சாண்டர்ஸ் குழு வாக்காளர் பட்டியலையே பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டது. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போன பிறகே பூட்டு திறந்தது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகத் தட்டிச் சேர்த்த தகவலும் அதற்குள்தான் இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே இயக்கத்தின் உரிமையாளர்.

நம் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். கணியம் 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் நுட்பங்களைத் தமிழிலேயே எழுதித் தருகிறது. பக்கத்து மாவட்டத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுக் கொடுக்கிறது. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள் அம்பேத்கர் பெயரில் கணினி மையம் ஒன்றை நடத்தினார்கள். அங்குள்ள பிள்ளைகள் குனு/லினக்ஸில்தான் கணினி பழகினார்கள். ஆகவே நாம் வெற்றிடத்திலிருந்து தொடங்கவில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டற்ற மென்பொருள் தோழர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இதைத்தான்: 'திறந்தது' என்று எழுதி வைத்தால் ஒன்று திறந்ததாகிவிடாது. இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் எல்லோருக்கும் பொது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்திலும் எஸ்.கே. போலே அப்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மகாடு நகராட்சி அதை ஏற்றுச் சவுதார் குளத்தைத் திறப்பதாகவும் அறிவித்தது. அறிவித்த பிறகும் தண்ணீரைத் தொட முடிந்ததா? 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கும் அடி விழுந்தது. குளத்தைச் சாணியும் கோமியமும் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள்.

கட்டற்ற மென்பொருளின் உரிமமும் அந்தத் தீர்மானம் போன்றதுதான். தேவையானது, ஆனால் போதாது. நிரல் திறந்திருக்கிறது, விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம். மடிக்கணினி வேண்டும், இரவில் உட்கார ஓர் அறை வேண்டும், சம்பளமில்லாமல் உழைக்க வீட்டில் சோறு இருக்க வேண்டும். தன்னார்வம் என்பதே பல நேரங்களில் வசதியின் மறுபெயர். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு வீட்டுக் கடனைத் தோளில் சுமக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரியை ஞாயிறுதோறும் சும்மா வந்து நிரல் எழுது என்று எப்படிக் கேட்பது? ஆகவே இந்தத் திட்டத்தில் நான் வைக்கும் முதல் கோரிக்கை, கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் அன்றைய கூலியும் இயக்கம் கொடுக்க வேண்டும் என்பது. பெண் தோழர்கள் மாலையில் வீடு திரும்பும் நேரத்தை வைத்தே கூட்ட நேரத்தை முடிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நம் மென்பொருளையும் நகரத்தில் வசதியாக வாழ்கிறவர்கள்தான் எழுதுவார்கள். நம் மக்கள் அதில் வெறும் பயனாளிகளாக இருப்பார்கள்.

சரி, என்ன எழுதப் போகிறோம்? பெரிய கனவு வேண்டாம். மூன்று சிறு கருவிகள் போதும்.

முதலாவது, மனுப் பதிவேடு. ஊர், பொருள், கொடுத்த தேதி, மனு எண், வந்த பதில். இந்த ஐந்தும் போதும். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் அதுவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதற்கான விண்ணப்பத்தைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கும் 30 நாள் கெடு உண்டு. அதையும் நினைவூட்ட வேண்டும். ஒரே கோரிக்கையை 20 ஊர்கள் தனித்தனியாகக் கொடுத்திருப்பது இந்தப் பதிவேட்டில்தான் தெரியும். தெரிந்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமை 20 ஊர்களும் ஒன்றாக வரலாம். மனு போராட்டமாக மாறும் இடம் அது.

இரண்டாவது, வன்கொடுமை வழக்கு நாட்காட்டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு, கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். இவையெல்லாம் எழுதப்பட்ட கெடுக்கள். இவற்றை எண்ணிக்கொண்டிருப்பவர் யார்? பாதிக்கப்பட்டவர் மருத்துவமனையில் இருப்பார். வழக்கறிஞருக்கு நூறு வழக்கு இருக்கும். முதல் தகவல் அறிக்கையின் தேதியைப் போட்டால் 45-ஆம் நாள் ஒன்றியப் பொறுப்பாளரின் கைப்பேசி ஒலிக்க வேண்டும். இன்னும் 15 நாள்தான் இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம். தேதிகளைக் கூட்டத் தெரிந்த நிரல் போதும்.

மூன்றாவது, வாக்காளர் பட்டியல். தேர்தல் ஆணையம் பட்டியலைப் படக் கோப்பாக வெளியிடுகிறது. அதில் பெயரைத் தேட முடியாது. தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று 2018-ல் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பீகாரில் 2025-ல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லாமல் போயின. நீக்கப்பட்ட பெயர்களைக் காரணத்தோடு, தேடக்கூடிய வகையில் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 14 அன்று ஆணையிட்ட பிறகே அந்தப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு நவம்பரில் திருத்தம் தொடங்கியது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! அதிகாரி வரும் நாளில் வீடு பூட்டியிருந்தால் 'இடம் பெயர்ந்தவர்' என்று எழுதிவிடுவது எளிது. டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும். எச்.பி. நிறுவனத்தில் உருவாகி 2005-ல் திறந்துவிடப்பட்டது. தமிழும் படிக்கும். பிழைகள் வரும், மனிதர்கள் திருத்த வேண்டும். பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, நம் தெருவில் யார் பெயர் விடுபட்டது என்று சொல்லிவிட்டால் போதும். மறுநாள் கிளைத் தோழர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

இனி, இந்த உரையில் நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன்.

ஒரு காலனியில் கையெழுத்து வாங்கப் போனபோது ஒரு அம்மா பேனாவைக் கையில் வாங்கவில்லை. "இந்தப் பேரையெல்லாம் எங்க கொண்டுபோய் வெப்பீங்க தம்பி?" என்று கேட்டார். அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் தரவுப் பாதுகாப்பு பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே கூர்மையானது அதுதான். தன் பெயர் ஊர்க்காரர்கள் கைக்குப் போனால் நாளைக்குக் களையெடுக்கக் கூப்பிட மாட்டார்கள், மாட்டுக்குப் புல் அறுக்க விட மாட்டார்கள், கடையில் கடன் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், 2023 சனவரி 30 அன்று முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் பல தலைமுறைகளுக்குப் பிறகு முதன்முறையாக நுழைந்தார்கள். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் வந்தார்கள், நூற்றுக்கணக்கில் காவலர்கள் நின்றார்கள். எதிர்த்து ஆதிக்கச் சாதியினர் திரண்டார்கள். அன்று மாலை காவலர்கள் கிளம்பிப் போவார்கள். கோயிலுக்குள் நுழைந்தவர்கள் அதே ஊரில்தான் வாழ வேண்டும். அப்படிப்பட்ட ஓர் ஊரில் முன்நின்றவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் கொண்ட ஒரு கோப்பு, கவனமில்லாத ஒருவரின் கைப்பேசியில் இருந்தால் அது என்ன? ஆயுதம். அது யார் கைக்குப் போகிறது என்பது மட்டுமே மீதிக் கேள்வி.

அரசிடமிருந்தும் இதே ஆபத்து உண்டு. செய்யாறு மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த உழவர்கள் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் வெளியிலிருந்து கோப்புகள் செருகப்பட்டன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஒன்று 2021-ல் அறிக்கை கொடுத்தது. நல்லெண்ணத்தோடு செய்த பரப்புரையிலும் பெயர்கள் கசியும். 2015-ல் இணையச் சமநிலைக்காகத் தன்னார்வலர்கள் எழுப்பிய தளத்தின் வழியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போயின. அது பெரிய வெற்றி. 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் பாகுபாடான கட்டணங்களுக்குத் தடை விதித்தது. ஆனால் நடுவில், அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு எல்லாவற்றையும் ஆணையம் வெளியிட்டுவிட்டது. நகரத்துக்காரருக்கு அதனால் குப்பை மின்னஞ்சல் வரும். சேரியில் இருப்பவருக்கு வீட்டின் மேல் கல் வரும்.

ஆகவே நம் மென்பொருளுக்குச் சில விதிகளை முன்வைக்கிறேன்.

தேவையில்லாததைக் கேட்காதே. சாதிச் சான்றிதழ் எண்ணும் ஆதார் எண்ணும் மனுப் பதிவேட்டுக்கு எதற்கு? கேட்காத தகவல் கசியாது.

பெயர் ஊரிலேயே இருக்கட்டும். மாவட்டக் குழுவுக்கு எண்ணிக்கை போதும். 'இந்த ஊரில் 40 குடும்பம்' என்பது மேலே வரட்டும். அந்த 40 குடும்பம் யார் என்பது கிளையின் கருவியில், கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்யப்பட்டு இருக்கட்டும். எல்லா ஊரின் பெயரையும் ஒரே சர்வரில் குவிப்பது நமக்கு வசதி. நம்மைப் பிடிக்க வருகிறவருக்கும் அதுதான் வசதி.

அழிக்கத் தெரிந்த மென்பொருளை எழுது. வேலை முடிந்ததும், குறித்த நாளில், பெயர்கள் தாமாக அழிய வேண்டும். யாராவது வந்து "என் பெயரை எடுத்துவிடு" என்றால் காரணம் கேட்காமல் எடுக்க வேண்டும்.

தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்கும், நமக்கு வேண்டிய கட்சியாகவே இருந்தாலும், பட்டியலைக் கொடுக்கக் கூடாது. அந்தப் பெயர்களை மக்கள் சுடுகாட்டுப் பாதைக்காகக் கொடுத்தார்கள்.

கடைசியாக உரிமம். அஃபெரோ ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிடுவோம். நம் நிரலை மாற்றிச் சர்வரில் வைத்து மக்களுக்கு நடத்துகிறவர், தான் செய்த மாற்றத்தையும் திறந்து காட்ட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. சாதி அமைப்பினரும் இதைப் பயன்படுத்துவார்களே என்று ஒரு தோழர் கேட்டார். பயன்படுத்தலாம், தடுக்க முடியாது. அவர்களுக்கு நிலமும் பணமும் காவல் நிலையமும் ஏற்கெனவே இருக்கின்றன. மனுச் சீட்டைக் கணக்கு வைக்கும் கருவி இல்லாமல் அவர்கள் தவிக்கவில்லை. இல்லாமல் தவிப்பவர்கள் நாம். விருத்தாசலத்திலும் பரமக்குடியிலும் உள்ள தோழர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் இதை எடுத்துக்கொள்ள முடியும் என்பதே நமக்கு முக்கியம்.

மென்பொருள் சாதியை ஒழிக்காது, தோழர்களே. தெருவில் நடப்பதற்குக் கால் வேண்டும். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். காவல் நிலையத்தில் குரல் உயர்த்த நெஞ்சு வேண்டும். அந்த ஆள் களைத்துப் போகும்போது கணக்கு மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் நிரலின் வேலை.

மதிய உணவுக்குப் பிறகு இரண்டு குழுவாகப் பிரிவோம். நிரல் தெரிந்தவர்கள் ஒரு குழு, களப்பணி தெரிந்தவர்கள் ஒரு குழு என்று பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு மேசையிலும் இருவரும் கலந்தே உட்காருங்கள். மனுப் பதிவேட்டில் எந்தக் கேள்வி இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்பதைக் களப்பணித் தோழர்கள் சொல்லட்டும். நிரலாளர்கள் முதலில் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மடிக்கணினியை அதன் பிறகு திறக்கலாம்.

ஜெய்பீம்.